திருப்பாச்சேத்தி அரிவாள்

மதுரையிலிருந்து மானாமதுரைக்குப் போகிற வழியில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. ஊர்ப் பெயரைச் சொன்னாலே அரிவாள்தான் நினைவுக்கு வரும். சினிமா அதை வெட்டுக்குத்துச் சாமானாக்கிவிட்டது. பட்டறைக்கு வருகிறவர்களோ விறகு வெட்டவும், இளநீர் சீவவும், கறிக்கடைக்கும், அய்யனாருக்கு நேர்ந்துகொண்டும் வாங்குகிறவர்கள்.

மூலப்பொருள் பெரும்பாலும் கழித்துப்போட்ட லாரி ஸ்பிரிங் பட்டை. பள்ளம் மேட்டில் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த எஃகு அது. கரிச்சத்து கூடியது என்பதால் கூர் நிற்கும். சாதா இரும்பில் அடித்த அரிவாள் நாலு கட்டை பிளப்பதற்குள் வாய் மடங்கிவிடும்.

உலையில் பழுத்த பட்டையைக் குறட்டால் பிடித்து, ஒருவர் சுத்தியலால் தட்டி இடம் காட்ட, எதிரே நிற்பவர் அதே இடத்தில் சம்மட்டியை இறக்குவார். பேச்சே கிடையாது. துருத்தி போய் மின்விசிறி ஊதுகிறது, பல இடங்களில் சம்மட்டிக்குப் பதில் இயந்திரச் சுத்தியலும் வந்தாயிற்று. நல்லதுதான், தோள்பட்டைக்கு ஓய்வு.

இயந்திரம் தொடாத இடம் ஒன்று உண்டு. வாய்ப்பகுதியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். அதோடு விட்டால் எஃகு கண்ணாடி மாதிரி. ஓங்கி வெட்டினால் தெறிக்கும். எனவே மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய விளிம்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் படரும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். மஞ்சளில் நிறுத்தினால் கூர் அதிகம், நீலம்வரை விட்டால் உறுதி அதிகம். எலும்பு வெட்டவா, கிளை கழிக்கவா என்பதைப் பொறுத்து எங்கே நிறுத்துவது என்று கண்ணாலேயே முடிவு செய்கிறார் கொல்லர். அந்த நிறம் ஓடி மறைய சில விநாடிகளே ஆகும்.