முண்டகமும் முள்ளியும்: உவர்நீர்த் தாவர இயல்பு நோக்கிய ஓர் ஆய்வு

சங்க அகப்பாடல்களுக்கு உரை காண்பார்க்குக் கருப்பொருளின் இன்னதன்மையைத் துணிதல் முதற்கடன். மரமோ பூவோ இன்னது என்று தெளியாத இடத்து உள்ளுறை காணப் புகுதல் அடித்தளமின்றிச் சுவர் எழுப்புவதை ஒக்கும். நெய்தல் நிலத்துக்குரியதாகக் கூறப்பெறும் முண்டகம் இத்தகைய ஐயத்துக்கு இடமாகி நிற்கின்றது. நிகண்டுகளும் அகராதிகளும் இச்சொல்லுக்கு முள், தாழை, தாமரை, முள்ளி எனப் பல பொருள் தருகின்றன. சங்கப் பாடல்களில் வரும் முண்டகம் ஒருவகை முள்ளியே என்பதில் அறிஞரிடையே பெரிதும் கருத்து வேற்றுமை இல்லை. ஆயின், அது நன்னீரில் வளரும் நீர்முள்ளியா, உப்பங்கழியில் வளரும் கழிமுள்ளியா என்பதே வினா. இரண்டும் ஒன்றே என்பார் போன்று பொதுப்பட 'முள்ளி' என உரைத்துச் செல்லும் வழக்கம் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் பாடல்கள் தரும் வருணனையை நோக்குவோம். குறுந்தொகை 51ஆம் பாட்டில் வரும் முண்டகம் வளைந்த முள்ளும் கரிய மலரும் உடையது. அகநானூறு 26ஆம் பாட்டில் வரும் முள்ளிக்கும் வளைந்த முள்ளும் கரிய மலருமே கூறப்படுகின்றன. முன்னது நெய்தற்பாட்டு, பின்னது மருதப்பாட்டு. எனவே முள்ளையும் நிறத்தையும் மட்டும் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்தல் இயலாது. உரைகளில் இவை மயங்கியதற்கு இவ்வொப்புமையே காரணமாகலாம். புறத்தோற்றம் முடிவு தாராதவிடத்துச் செடி நிற்கும் நீரையும், அதனோடு உடன் வாழும் பிற செடிகளையும் நோக்குதல் வேண்டும்.

இங்கே தாவரநூல் நமக்குத் துணை செய்கின்றது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இத்தகைய நீர் செடிக்கு இருவகையில் கேடு செய்யும். ஒன்று, நீர் அருகில் இருந்தும் வேர் அதனை ஈர்க்க இயலாமை. நீர் நிற்கச் செடி வாடும். மற்றொன்று, உட்புகும் சோடியம் முதலியன உயிரணுக்களின் இயக்கத்தைக் கெடுத்தல். பெரும்பாலான செடிகள் இவ்விரண்டையும் தாங்கமாட்டா. உவர்நிலத் தாவரங்களோ தத்தமக்கு உரிய வழிகளால் தாங்குகின்றன.

கண்டல் உப்பை வேரிலேயே பெரிதும் தடுத்து நிறுத்திவிடும். அதன் தண்டினுள் ஏறும் நீர் ஏறத்தாழ நன்னீரே. சோலாண்டரும் அவர்தம் குழுவினரும் 1965இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய மரங்களின் நீர்க்குழாய்களில் 30 வளிமண்டல அளவினும் மிகுந்த இழுவிசை நிலவுவதைக் காட்டிற்று. கடல்நீரினின்று நன்னீரைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அளவு வேண்டும் ஆதலின், கண்டலின் செயல் இதனால் விளங்கும். வெண்கண்டல் என்னும் அலையாத்தி, வேரில் தடுத்தது போக எஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகளின் வழியே வெளியேற்றும். உமரி உப்பைத் தன் சதைப்பற்றுள்ள உறுப்புகளில் நீரோடு சேர்த்து அடக்கி வைக்கும். கழிமுள்ளி அலையாத்தி போன்றே இலைச் சுரப்பிகளால் உப்பை உமிழ்வது. பிச்சாவரம் போன்ற உப்பங்கழிக் காடுகளில் இன்றும் காணப்படுவது. நீர்முள்ளி அவ்வாறன்று. அது குளக்கரையிலும் வயலோரத்துச் சேற்றிலும் நன்னீரை நம்பி வாழ்வது. தோற்றத்தில் ஒத்த இவ்விரு முள்ளிகளையும் உப்பே வேறு பிரிக்கின்றது.

இவ்வேறுபாட்டை மனத்துக்கொண்டு மீண்டும் பாடல்களை நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகும். ஐங்குறுநூற்று 21ஆம் பாட்டில் முள்ளி, பழைய நீர்நிலையின் அடைகரையில் வளர்ந்து நிற்கின்றது. அங்கே நண்டு ஆம்பலின் தண்டை அறுக்கின்றது. ஆம்பல் நன்னீர்க் கொடி, பாட்டும் மருதம். கலித்தொகை 133ஆம் பாட்டிலோ முண்டகம் தில்லையோடு ஒருங்கு நின்று கானலை அணி செய்கின்றது. தில்லை உப்பங்கழி ஓரத்து மரம் என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஐங்குறுநூற்று 121ஆம் பாட்டில் முண்டகக் கோதை அணிந்தவள் கடலில் பாய்கின்றாள். ஆம்பலோடு நிற்பது முள்ளி, தில்லையோடு நிற்பது முண்டகம் என்னும் இவ்வரையறை தற்செயலாக அமைந்தது என்று கொள்ளல் அரிது. புலவர்கள் பெயரையும் நீரையும் பொருத்தியே ஆண்டனர் என்பது இதனாற் போதரும். நம்பியகப்பொருளும் முண்டகத்தை நெய்தற்குரிய பூக்களுள் வைத்து எண்ணுதல் இதற்கு அரண் செய்யும்.

இம்முடிவுக்கு இரு தடைகள் எழுதல் கூடும். ஒன்று, ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிற நிலத்து வருதலைத் தொல்காப்பியம் உடன்படுகின்றதன்றோ என்பது. உண்மையே, ஆயின் மயக்கம் என்று கூறுதற்கு முன், எது எந்நிலத்துக்கு உரியது என்னும் துணிபு வேண்டும். உரிமை தெளியாதவிடத்து மயக்கம் எனல் ஆராய்ச்சியைத் தவிர்க்கும் வழியாய் முடியும். மற்றொன்று, நெய்தற்பூவே நன்னீர்க் கொடியாயிருந்தும் கழியிற் பூப்பதாகப் பாடப்படுகின்றதே என்பது. இத்தடை வலிமையுடையது. ஆயினும் குறுந்தொகை 309ஆம் பாட்டில் உழவர் களையாகப் பறித்தெறிந்த நெய்தல் மீண்டும் அவ்வயலிலேயே பூக்கின்றது. ஆகவே நெய்தல் வயலுக்கும் கழிக்கும் பொது என்பதைப் புலவர் மறைத்திலர். மழைக்காலத்து ஆற்றுநீர் வந்து கலப்பக் கழியின் உவர்ப்புக் குறையும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மேற்காட்டிய பாடல்களில் முண்டகத்துக்கு இத்தகைய இருநிலை வாழ்வு கூறப்படவில்லை.

இத்துணிபால் பாட்டின் பொருட்கு வரும் பயன் யாது? குறுந்தொகை 51ஆம் பாட்டில், காற்றால் உதிர்ந்த முண்டக மலர்கள் நூலற்ற முத்துகள் போலத் துறைதோறும் பரவுகின்றன. கரிய மலருக்கு வெண்முத்து உவமையாதல் நிறம் பற்றியதன்று. சிதறிப் பரத்தலாகிய வினை பற்றியது. தலைவன்பால் தாயும் விருப்புடையள், தந்தையும் மகட்கொடை வேண்டுகின்றான், ஊரும் அவனொடு சேர்த்தே பேசுகின்றது என்கின்றாள் தோழி. முட்செறிவினுள் இருந்த மலர் துறையெங்கும் பரந்தது போல, மறைவாக இருந்த காதல் ஊரெங்கும் பரந்தது எனக் கொள்ளல் தகும். முண்டகத்தை வயலோரச் செடியாகக் கொள்ளின், மலர் உதிரும் இடத்துக்கும் பரவும் துறைக்கும் இயைபு அறுந்துவிடும். கழிமுள்ளி எனக் கொள்ளின் செடியும் துறையும் சேர்ப்பனும் ஒரே நிலத்தனவாய் இயைகின்றன.

எனினும் எல்லை கடத்தல் ஆகாது. கழிமுள்ளியின் இலையில் உப்புப் பூத்து நிற்றலைத் தலைவியின் கண்ணீருக்கு இணையாக்கி, இரங்கலாகிய உரிப்பொருளுக்கு அதனையே சான்றாக்க ஒருவர் விழையலாம். ஈண்டு எடுத்துக்கொண்ட பாடல்களில் அக்கருத்துக்கு ஆதாரமில்லை. அடும்பின் இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டது குறுந்தொகை. அதே கொடிக்கு 1753இல் ஆட்டின் அடி எனப் பொருள்படும் பெயரிட்டார் இலின்னேயசு. இருவரும் கண்டது ஒன்றே என்று கூறலாம். இருவர் அறிவும் ஒன்றே எனல் ஆகாது. புலவர் அறிந்தது செடி நிற்கும் இடம். அறிவியல் கூறுவது அவ்விடத்து அது நிற்றற்குரிய காரணம். காரணத்தைப் புலவர்மேல் ஏற்றாது, இடத்தைத் துணிதற்கு மட்டும் அதனைப் பயன்கொள்ளின், தாவரநூல் உரைகாண்பார்க்கு நம்பத்தகுந்த துணையாகும். சங்கப் பாடல்களுக்குப் புத்துரை வரையும்போது நெய்தல் நிலத்து முண்டகத்தைக் கழிமுள்ளி என்றும், மருத நிலத்து முள்ளியை நீர்முள்ளி என்றும் பிரித்துரைத்தலே பொருத்தமுடைத்து.