குழந்தைத் திருமுழுக்கும் வேதாகமத்தின் மௌனமும்

வன்னியில் ஒரே ஆள் இரண்டு தரம் ஞானஸ்நானம் பெறுவது இப்போது புதினமல்ல. கைக்குழந்தையாகக் கத்தோலிக்கக் கோவிலில் தலையில் நீர் வார்க்கப்பட்டவர், போருக்குப் பின் பெந்தகொஸ்தே சபைக்குப் போகிறார். முதலாவது கணக்கில் வராது, விசுவாசித்து மூழ்கி எழ வேண்டும் என்கிறார் பாஸ்டர். வீட்டில் முறுகல் தொடங்குகிறது. இரு தரப்பும் நீட்டுவதோ ஒரே வேதாகமத்தை.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்போர் முதலில் எடுப்பது வீட்டார் வசனங்களை. பிலிப்பியில் லீதியாள் வீட்டார், சிறைக்காவலன் வீட்டார், கொரிந்துவில் ஸ்தேவான் வீட்டார். இத்தனை வீடுகளில் ஒரு குழந்தையாவது இராதா என்று கேட்பார்கள். இருந்திருக்கலாம், எழுதியவர் சொல்லவில்லை. சிறைக்காவலன் வீட்டில் எல்லோருக்கும் போதிக்கப்பட்டது என்கிறது அப்போஸ்தலர் 16. கிறிஸ்பு வீட்டார் அனைவரும் விசுவாசித்தார்கள் என்கிறது 18:8. தொட்டில் பிள்ளை எதை விசுவாசிக்கும்? இயேசு பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதிக்கும் மாற்கு 10இல் தண்ணீரே இல்லை. இந்த வசனங்களை மட்டும் நம்பி வழக்காடினால் வழக்குத் தோற்கும்.

பலமான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. கொலோசெயர் 2:11-12 விருத்தசேதனத்தையும் திருமுழுக்கையும் சேர்த்துப் பேசுகிறது. ஆபிரகாம் விசுவாசித்த பிறகே அடையாளம் பெற்றான். ஈசாக்குக்கோ எட்டாம் நாளே கிடைத்தது. தேவன் குடும்பத்தோடு உடன்படிக்கை செய்கிறவர் என்றால் பிள்ளையை மட்டும் வெளியே நிறுத்துவானேன்? ஆனாலும் அதே கொலோசெயர் வசனம் விசுவாசத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

எதிர்த்தரப்பும் இதே மௌனத்தில்தான் நிற்கிறது. விசுவாசிகளின் பிள்ளை வளர்ந்து, பிறகு ஞானஸ்நானம் பெற்றதாகப் புதிய ஏற்பாட்டில் ஒரு சம்பவமும் கிடையாது. கட்டளையும் இல்லை, தடையும் இல்லை என்பதே என் வாசிப்பு. 1812இல் அமெரிக்க மிஷன் சங்கம் அனுப்பிய அதோனிராம் ஜட்சன் கப்பலில் இதையே ஆராய்ந்து, மனம் மாறி, கல்கத்தாவில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றார். அதே சங்கம் 1816இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மிஷனோ குழந்தைகளுக்கே தொடர்ந்து கொடுத்தது. அதன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபையின் யாழ் ஆதீனம் வன்னியிலும் அவ்வாறே செய்கிறது.

வசனச் சண்டையைவிட எனக்கு முக்கியமாகப்படுவது ஏறத்தாழ கி.பி. 200இல் தெர்த்துல்லியன் எழுப்பிய ஆட்சேபம். குழந்தைகளுக்கு அவசரப்பட வேண்டாம் என்ற அவர் சொன்ன காரணங்களில் ஒன்று ஞானப்பெற்றோரைப் பற்றியது: வாக்குக் கொடுப்பவர்கள் செத்துப்போகலாம், வாக்கு நிறைவேறாமல் போகலாம். 2009ஐக் கண்ட மண்ணில் இதை வாசிக்கும்போது நெஞ்சில் தைக்கிறது. ஞானத்தகப்பன் முள்ளிவாய்க்காலோடு போனார், ஞானத்தாய் கனடாவில். இன்று புதிதாக ஞானத்தகப்பனாகப் பெயர் எழுதப்படும் சித்தப்பாவும் ரொறன்ரோவில்தான். அவருக்குப் பதிலாக இன்னொருவர் பீடத்தின்முன் நிற்கிறார். பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது யார்?

ஆயினும் குழந்தைத் திருமுழுக்கின் கருணையை மறுக்க மாட்டேன். ஆபத்து வேளையில் யாரும், குருவானவர் இல்லாமலே, குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்கிறது கத்தோலிக்கச் சட்டம். பதுங்குகுழிக் காலத்துத் தாய்க்கு அதன் பெறுமதி தெரியும். சான்றுக்குப் பதிவேடு கிடைக்காவிட்டாலும், யாருக்கும் பாதகம் இல்லாதபோது, ஒரு சாட்சியின் சொல் போதும் என்றும் அச்சட்டம் இடம் விடுகிறது. ஆவணங்களையெல்லாம் தொலைத்த சனத்துக்கு இது சிறிய காரியமல்ல.

அதே சட்டத்தின் 868ஆம் விதி இன்னொன்றும் கேட்கிறது: பிள்ளை அந்த விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற ஆதாரமுள்ள நம்பிக்கை வேண்டும், அது அறவே இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டும். விருந்துக்கு மண்டபம் பதிந்த பின் அந்தக் கேள்வியைக் கேட்க எத்தனை குருமார் துணிவார்கள்? குழந்தைத் திருமுழுக்கின் குறை இங்கேதான், வசனம் கிடைக்காததில் அல்ல. மறுபக்கத்தில், தாய் தகப்பன் செய்வித்ததைச் செல்லாது என்று ஒரே வார்த்தையில் தள்ளும் பாஸ்டரிடமும் அதற்கு நேரடி வசனம் இல்லை. 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபை இரு முறைகளையும் ஒரே கூரையின்கீழ் ஏற்றுக்கொண்டது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அப்படியொரு பேச்சைத் தொடங்குவதற்கு வேதாகமம் தடையாக நிற்கவில்லை.