கொம்போ, ஒளியோ? மோசேயின் முகம் பற்றிய ஓர் எபிரேயப் பதவிசாரம்

எபிரேய வேதத்தின் இரண்டாம் புத்தகமாகிய யாத்திராகமத்தில், 34ஆம் அத்தியாயத்தின் முடிவில் ஒரு ப்ரஸங்கம் உண்டு. மோசே சீனாய் மலைமேல் நாற்பது நாள் உண்ணாதும் பருகாதும் இருந்து, கற்பலகைகள் இரண்டையும் ஏந்தி இறங்குகிறார். இறைவனோடு பேசியதனால் அவருடைய முகத்தின் தோலுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. அவர் அதை அறியவில்லை. கண்டவர்கள் அணுக அஞ்சுகின்றனர். அவர்களோடு பேசி முடித்தபின் அவர் முகத்திரை இட்டுக்கொள்கிறார். நேர்ந்தது யாது என்பதைச் சொல்லும் வினை ‘காரன்’ என்பது (தமிழ் விகுதியோடு மயங்கற்க). இவ்வடிவில் அவ்வினை 29, 30, 35 ஆகிய இம்மூன்று வசனங்களிலன்றி எபிரேய வேதத்தில் வேறெங்கும் இல்லை. அதே தாதுவில் பிறந்த பெயர்ச்சொல் ‘கெரென்’. அதற்குக் கொம்பு என்பதே ப்ரஸித்தமான பொருள்.

எழுபதின்மர் பெயர்ப்பு என்னும் பழைய கிரேக்க நூல், முகத்தோலின் தோற்றம் மகிமை பெற்றது என்று உரைத்தது. ஒங்கெலோஸின் அரமேயப் பெயர்ப்பு முகத்தின் தேஜஸ் மிகுந்தது என்றது. 2ஆம் நூற்றாண்டில் பதத்துக்குப் பதம் பிசகாமல் கிரேக்கத்தில் பெயர்த்த அக்கிலா மட்டும் கொம்பைக் கைவிடவில்லை. பின்னர் ஏறத்தாழ 390 முதல் 405 வரை எபிரேய மூலத்தை லத்தீனாக்கிய ஜெரோம், அக்கிலாவின் வழி நின்று ‘கொம்புடைய முகம்’ என்று எழுதினார். மேலைத் திருச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓதியது அவ்வாசகத்தையே.

இதற்காக ஜெரோமை எள்ளுவது இன்று வழக்கமாகிவிட்டது. அக்காலத்து எபிரேய ஏடுகளில் உயிர்க்குறிகள் இல்லை. மூன்று மெய்யெழுத்துகளை மட்டும் கண்டவர், வினையைப் பெயரென்று மயங்கினார் என்பது ஆக்ஷேபம். கேட்பதற்கு எளிதாயினும் இது நில்லாது. எழுபதின்மரின் பாடம் அவர் கண்முன் இருந்தது. ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலுக்கு வரைந்த உரையில், எபிரேய மூலத்தின்படியும் அக்கிலாவின்படியும் ‘கொம்புடைய’ என்றே வாசிக்கிறோம் என்று அவரே குறிப்பிடுகிறார். இரண்டையும் நிறுத்துப் பார்த்து ஒன்றைக் கொண்டவரை, அறியாது வழுக்கியவர் என்பது விமர்சனம் ஆகாது. மேலும், மோசேயின் முகத்து மகிமையைப் பவுல் பேசுவதை ஓதி வளர்ந்த ஒருவர், அம்முகத்தை விலங்கின் முகமாக எண்ணியிருப்பார் என்பதும் பொருந்தாது. கொம்பு வலிமைக்கு அடையாளம் என்பது எபிரேய வேதம் முழுதும் பரவிய வழக்கு.

அங்ஙனமாயின் ஒளி என்னும் பொருள் எங்கிருந்து வந்தது? பிரான்ஸ் தேசத்து யூத வ்யாக்யாதாவாகிய ராஷி (1040–1105) கொம்பை மறுக்காமலே ஒளியை அடைகிறார்: ஒளி கொம்புபோல முனைந்து வெளிப்படுதலால் இச்சொல் என்கிறார். தாதுவின் முக்யார்த்தத்தை விடாமல், ஸாத்ருச்யத்தைப் பற்றிய கௌணவ்ருத்தி இது. (‘கப்யாஸ’ பதத்துக்கு எம்பெருமானார் காட்டிய அர்த்தத்தை அறிந்தோர்க்கு, ஒரு பதம் திருமுகத்தின் பெருமைக்கே இடராவது புதிய செய்தியன்று.) ஆபகூக்கின் நூல் 3ஆம் அத்தியாயம் இதற்குத் துணை நிற்கும். இறைவனின் காந்தி ஒளிபோன்றது என்ற உடனே, அவன் கையிலிருந்து இரு ‘கெரென்’ புறப்படுவதாக அங்கு வருகிறது; அடுத்து நிற்கும் சொல்லால் அவை கிரணங்களே என்று கொள்ள இடமுண்டு. ஆயினும் எழுபதின்மர் பெயர்ப்பும் ஜெரோமும் அவ்விடத்தில் ஒருசேரக் கொம்பு என்றே வைத்தனர் என்பதை மறைக்கலாகாது. வினைக்கு இன்னொரு சான்று 69ஆம் ஸங்கீதத்தில் உண்டு. அங்கு அத்தாது வேறு வடிவில் நின்று, கொம்பும் குளம்பும் உள்ள காளையையே சொல்கிறது. ஆகவே ஒளி என்பது அகராதியிலிருந்து எடுத்த பொருளன்று. ப்ரகரணத்திலிருந்து கொண்ட பொருள். தமிழ் விவிலியம் ‘பிரகாசித்தல்’ என்று எழுதும்போது சொல்லைப் பெயர்க்கவில்லை; ஒரு வ்யாக்யானத்தைப் பெயர்க்கிறது. அது குற்றமன்று, அது வ்யாக்யானம் என்று அறிந்து ஓதுதல் வேண்டும்.

மூன்றாவது பக்ஷம் ஒன்றும் உண்டு. நெடுநாள் உபவாஸத்தால் முகத்தோல் கொம்புபோல் உலர்ந்து இறுகியது என்று ஹிவி அல்-பல்கி என்பவர் கூறினார். 12ஆம் நூற்றாண்டு உரையாசிரியரான இப்னு எஸ்ரா அவரைச் சபித்தே மறுக்கிறார்: உலர்ந்த தோலைக் கண்டு அஞ்சுவானேன்? சாபத்தை நீக்கினாலும் அந்த யுக்தி வலியதே. எனினும் ஹிவியிடம் ஒரு நேர்மை இருக்கிறது. வாக்யத்தின் எழுவாயை அவர் மறக்கவில்லை.

எழுவாய் எது? மூன்று வசனங்களிலும் வினையை ஏற்பது முகமன்று, ‘முகத்தின் தோல்’. ஜெரோமின் லத்தீன் 29ஆம் வசனத்தில் தோலை விட்டுவிட்டு, முகம் கொம்புடையதாயிற்று என்று முடிக்கிறது. அவர்மேல் ஏற்றத்தக்க குறை உண்டாயின் அது இங்கேதான், கொம்பில் அன்று. தோல் நின்றிருந்தால், தோலில் முளைத்த கொம்பு என்று எவரும் எளிதில் எண்ணார். வாசகன் தடைப்பட்டு, கௌணமான அர்த்தத்தைத் தேடியிருப்பான். அவர் கடினமான பதத்தை வைத்து, அதைக் காக்கும் எளிய பதத்தை உதிர்த்தார்.

11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதப்பெற்ற சித்திர ஏடொன்றில் மோசே கொம்புகளோடு தோன்றுகிறார். இகழ்ச்சியாக அன்று, மதிப்பாகவே. பிற்காலத்தில் யூதர்க்குக் கொம்பு உண்டென்று ஐரோப்பியப் பாமரர் நம்பி அவர்களை வருத்தியதற்கு இவ்வொரு சொல்லே காரணம் என்பது மிகை. துணைக்காரணமும் அன்று என்பது அதனினும் மிகை. ரோம் நகரில், சங்கிலிகளின் புனித பேதுரு ஆலயத்தில், மைக்கேலாஞ்சலோ 1513ஐ அடுத்த ஆண்டுகளில் செதுக்கிய மோசே இன்றும் அமர்ந்திருக்கிறார். கொம்புகள் இரண்டும் நெற்றிக்கு மேலே தலைமயிரிடையே நிற்கின்றன. முகத்தின் தோலில் ஒன்றும் இல்லை.