சட்டி ஏந்திய பாட்டிக்கு ரோசம் இல்லையா?

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு புத்தக விமர்சனக் கூட்டம். இருபது பேர் இருந்திருப்போம். தலித் தன்வரலாறுகளைப் பற்றிப் பேச வந்த தோழர், கல்லூரி மாணவர், இரண்டு பெண்களை எடுத்து எதிரெதிரே நிறுத்தினார். ஒருவர் ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ நூலில் வரும் அம்மா. நிலக்காரன் வீட்டு வாசலில் எச்சில் கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்தவர். இன்னொருவர் பாமாவின் ‘கருக்கு’வில் வரும் பாட்டி. நாய்க்கர் வீட்டுப் பழைய சோற்றைச் சட்டியில் வாங்கிக்கொண்டு, அவங்கதான் நமக்குப் படியளக்கிறவங்க என்கிற மாதிரிப் பேசுபவர். முதலாமவர் கலகக்காரி, இரண்டாமவர் அடிமை மனசு என்று தோழர் தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பஸ் ஏறி ஊருக்குத் திரும்புகிற வழியில் எங்க ஆயா நெனப்பு வந்துடுச்சு.

எங்க ஆயா ஆண்டை வீட்டுக் கட்டுத்தறியில் சாணி அள்ளினவங்க. தெனமும் பொழுதோட வேலை முடிச்சு, கொல்லப்பக்கமா நின்னு குரல் கொடுத்து, ஈயக் குண்டானில் பழையத வாங்கினு வருவாங்க. சேரியில் அந்த நேரத்துக்குப் பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க அதே மாதிரி வருவாங்க. எல்லாக் குண்டானிலும் அதே சோறுதான். இது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒருத்தர் விடாமல் குண்டானை முந்தானையால் மூடிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவார்கள். ரோசம் இல்லாதவளுக்கு முந்தானை எதுக்கு? இந்தக் கேள்வியை நான் அந்தக் கூட்டத்திலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இப்போது இரண்டு நூல்களையும் திரும்ப எடுத்துப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

‘ஜூட்டன்’ இந்தியில் 1997ல் வந்தது. சொல்லுக்கு அர்த்தமே எச்சில் என்பதுதான். உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்தில் பர்லா என்ற ஊரில் 1950ல் பிறந்தவர் வால்மீகி. தியாகி சாதி நிலக்காரர்களின் மாட்டுக்கொட்டிலைச் சுத்தம் செய்வது அவர் குடும்பத்துக்கு வேலை. கூலி கொஞ்சம் தானியம். அதுபோக உமி கலந்து இவர்களுக்கென்றே தனியாகத் தட்டின ரொட்டி. கல்யாணம் என்றால் சாப்பிட்டு எறிந்த இலைகளில் மீந்தது. அந்தப் பூரித் துண்டுகளை வெயிலில் காயவைத்து, காக்கா கோழி கொத்தாமல் காவலிருந்து, மழைக்காலத்துக்கு எடுத்து வைப்பார்கள். பிறகு தண்ணீரில் வேகவைத்து உப்பும் மிளகாயும் போட்டுத் தின்பார்கள். கவிழ்த்தாரே அந்த அம்மா, அவரும் இதையெல்லாம் வருசக்கணக்கில் செய்தவர்தான். நம் தோழர் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

கவிழ்த்த அன்றைக்கு நடந்தது என்ன? அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். பத்துப் பன்னிரண்டு நாளாகப் பாடுபட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுப் போன பிறகு, என் பிள்ளைகளுக்கும் ஒரு இலை போடுங்கள் என்று அந்த அம்மா மரியாதையாகத்தான் கேட்கிறார். கூடை நிறைய எச்சில் எடுத்துப் போகிறாயே, அதற்கு மேல் சோறு வேறயா, உன் தகுதியோடு நில் என்கிற பதில் வருகிறது. அப்போதுதான் கூடை கவிழ்கிறது. எச்சில் வாங்க மாட்டேன் என்று தீர்மானம் போட்டுக்கொண்டு அவர் அங்கே போகவில்லை. உழைத்ததற்கு ஒரு வேளை நல்ல சோறு கேட்டார். அது பாக்கி. பாக்கியைக் கேட்டவளைப் பிச்சைக்காரி என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த வாசலை மிதிக்கவே இல்லை என்று வால்மீகி எழுதுகிறார். அந்த வீரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது எந்த இடத்தில் வெடித்தது என்பதைப் பார்க்காமல் கைதட்டுவது படிப்பு ஆகாது.

நம்மூரில் மட்டும் என்ன? பண்ணையாள், படியாள் என்று பேர் மாறும், கணக்கு ஒன்றுதான். நெல்லில் கொஞ்சம், கூழில் கொஞ்சம், பழையதில் கொஞ்சம், தீபாவளிக்கு ஒரு துணி. எல்லாம் சேர்ந்தால்தான் கூலி. ஆனால் களத்துமேட்டில் அளந்தது மட்டும் கூலி என்ற பேரில் போகும். கொல்லைப்பக்கம் ஊற்றினது தருமம் என்ற பேரில் போகும். உழைப்புக்கான பாதியைத் தயவு என்று பேர் மாற்றிக் கொடுத்தால், வாங்குகிறவன் கும்பிட்டு வாங்கணும். கொடுக்கிறவனுக்குப் புண்ணியமும் மிச்சம், நெல்லும் மிச்சம்.

சத்திரம் கட்டியும் அன்னதானம் போட்டும் பேர் வாங்கின மாவட்டம் பழைய தஞ்சாவூர். அதே மாவட்டத்தில்தான் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மாட்டோம் என்று நின்றதற்கும் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். எங்கள் ஜனம் அந்தக் கதையை அரைப்படி நெல் என்ற ஒரே வார்த்தையில் சொல்லும். தருமமாக மூட்டை மூட்டையாகக் கொட்டத் தயாராக இருந்த கைக்கு, உரிமையாக அரைப்படி அளக்க மனசு வரவில்லை. அதை நாவலாக்கிய இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புன’லில் நிலக்காரனின் ஆண்மைக் குறையைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். 1977ல் அதற்கு அகாதமி விருதும் கிடைத்தது. படியைப் பற்றி எழுத நம் ஆட்கள்தான் வரவேண்டியிருந்தது.

‘கருக்கு’வுக்கு வருகிறேன். 1992ல் வந்தபோது அதன் மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்த நூலில் கொடுக்கிற காட்சிகள் எல்லாமே உடம்பைப் பற்றிய காட்சிகள். பாட்டி சட்டியைக் கொண்டுபோய் சாக்கடைப் பக்கமாக வைக்கிறார். நாய்க்கரம்மா எட்ட நின்று, சட்டியில் படாமல் சாய்த்துக் கொட்டுகிறார். தண்ணீர் என்றால் உசரத்திலிருந்து ஊற்றுவார்கள், இவர்கள் கையை வாயருகே குவித்துக் குடிப்பார்கள். பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தின் சணலை மட்டும் பிடித்துக்கொண்டு போய்க் குனிந்து நீட்டுகிறார். சின்னப்பிள்ளை பாமாவுக்கு அது சிரிப்பாக இருக்கிறது. அண்ணன் விளக்கிச் சொன்ன பிறகு சிரிப்பு போய்விடுகிறது. பாமா எங்கேயும் பாட்டியைத் திட்டவில்லை. இனிமே வாங்காதீங்க என்று சொல்லிப் பார்க்கிறார். காலங்காலமா இப்படித்தானே, இவங்க இல்லேன்னா நாம எப்படிப் பொழைக்கிறது என்று பாட்டி திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பாமாவிடம் பதில் இல்லை. கைதட்டின நம்மிடம் இருந்ததா?

அதே நூலில் விடுதி வார்டன் சிஸ்டரைப் பற்றி வருகிறது. நம் விமர்சகர்கள் யாரும் அதிகம் தொடாத இடம். சேரிப் பிள்ளைகள் வீட்டில் ஒன்றுமில்லாமல் கிடந்து, இங்கே வந்து தின்று கொழுக்கிறார்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டுகிறார். ஆனால் மற்றப் பிள்ளைகளைப் போலவே பாமாவும் சாப்பாட்டுக்குப் பணம் கட்டித்தான் சாப்பிடுகிறார்! எனக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. காசு கொடுத்துத் தின்றாலும் நாம் தின்பது தருமச் சோறாகவே தெரிகிறது. டீக்கடையில் முழுக் காசை வைத்துவிட்டு சிரட்டையில் வாங்கிக் குடித்த நம் அப்பன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வறுமையில் கிடப்பவன் எல்லோருக்கும் அவமானம் உண்டு. நமக்கு வறுமை தீர்ந்த பிறகும் உண்டு. இந்த வித்தியாசத்தைப் பேசாமல் ‘ஏழைகளின் தன்மானம்’ என்று பொதுவாக எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பில் உள்ள ‘சோற்றுக்கணக்கு’ கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2011க்குப் பிறகு, கொடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப்பின் சாப்பாட்டுக் கடை. விலை கிடையாது, ஒரு பெட்டி இருக்கும், முடிந்ததைப் போடலாம், யார் என்ன போட்டார் என்று அவர் பார்ப்பதில்லை. சொந்த மாமி வீட்டில் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கப்பட்ட பையன் அங்கே வயிறாரச் சாப்பிட்டுப் படித்து ஆளாகிறான். நல்ல கதை. படித்து நானும் கண் கலங்கினேன், மறைக்கவில்லை. அதில் எனக்குப் பிடித்தது சாகிப்பின் பெரிய மனசு இல்லை, அந்தப் பெட்டி. கொடுக்கிறவன் கண்ணை எடுத்துவிட்டால் வாங்குகிறவன் தலை நிமிர்கிறது. ஆனால் அது பட்டணத்துக் கடைத்தெரு. எந்தத் தெருக்காரன் என்று கேட்காமல் உட்கார வைக்கிற ஒரு முஸ்லிமின் கடை. கிராமத்தில் ஆண்டை வீட்டுக் கொல்லையில் அந்தப் பெட்டியை எங்கே வைப்பது? மகான் ஒருத்தர் வந்தால்தான் மானத்தோடு சாப்பிட முடியும் என்றால், மகான் பிறக்காத ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்?

அம்பேத்கர் மகானை நம்பச் சொல்லவில்லை. 1927 மார்ச்சில் மகாடில் கூடின ஜனத்திடம் செத்த மாட்டுக்கறியை விடுங்கள், வீசுகிற எச்சிலை விடுங்கள் என்றார். ஆனால் தனியாக நின்ற ஒரு கிழவியைக் கூப்பிட்டு ரோசம் இல்லையா என்று கேட்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் கூடின மாநாட்டில், எல்லோரும் சேர்ந்து விடுவோம் என்று சொன்னார். பயிர் வைக்க நிலம் கேட்பதையும் சேர்த்தே சொன்னார். 1932ல் புனா ஒப்பந்தத்துக்குப் பிறகு காந்தி தொடங்கிய அமைப்பு ஹரிஜன சேவா சங்கமானது. குடியுரிமைக்காகப் போராடுவதை முதல் வேலையாக வையுங்கள் என்று அம்பேத்கர் எழுதிப் பார்த்தார், எடுபடவில்லை, விலகினார். சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்கிற பிராயச்சித்தம், அவர்கள்தான் நடத்த வேண்டும் என்று காந்தி தரப்பில் பதில் வந்தது. கொடுக்கிறவனின் பாவம் தீர்வதுதான் அங்கே விஷயம். வாங்குகிறவன் வெறும் உண்டியல்.

வார்த்தைகளையும் கொஞ்சம் பாருங்கள். ஊர்த்தெருக்காரன் ஒருத்தன் ஓசியில் கொடுப்பதை வேண்டாம் என்றால் மானஸ்தன். சேரிக்காரன் வேண்டாம் என்றால் திமிர், கொழுப்பு. 2005ல் நூறு நாள் வேலைக்குச் சட்டம் வந்து, கிராமத்தில் ஜனம் மண்வெட்டியோடு ஏரிக்குப் போக ஆரம்பித்தபோது எங்கள் பக்கத்தில் நான் காதாரக் கேட்டது: “காலனிக்காரனுக்கு ஏத்தம் வந்துடுச்சு, கூப்பிட்டா வரமாட்டேங்குறான்.” வேற ஒரு வேலை கையில் இருந்தால்தான் ஒருத்தனால் மாட்டேன் என்று சொல்ல முடியும். எங்க ஆயாவுக்கு அந்த ஒரு வேலை இல்லை.

இதுவரை எழுதினதெல்லாம் எழுதுவதற்குச் சுலபம். ஆண்டையைத் திட்டுவதற்குப் பேனா தானாக ஓடும். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994ல் வந்தபோது நம்மில் பலருக்குப் பிடிக்கவில்லை. நம் ஒற்றுமையைக் கெடுக்கிறது என்றார்கள். பறத்தெருவுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியம், பொழுது சாய்ந்தால் வீடு வீடாகப் போய் ராச்சோறு எடுக்கிறாள். அறுப்புக் காலத்தில் களத்தில் நின்று நெல்லுக்குக் கெஞ்சுகிறாள். அளக்கிறவன் நம் ஆள். நாவலின் மேல் எனக்குக் குறைகள் உண்டு. ஆரோக்கியத்தை அழவைத்துக்கொண்டே இருக்கிறார், அவள் மனசில் ஓடுகிற கோபத்துக்கு இடம் பத்தவில்லை. ஆனால் அந்த ராச்சோற்றுக் காட்சிகள் பொய் என்று எங்கள் தெருவில் பிறந்த எவனும் சொல்ல முடியாது.

எங்க வீட்டுக்கும் ஒரு அம்மா வருவாங்க. எங்க அம்மா எட்ட நின்னுதான் போடுவாங்க. ஆயாவுக்கு ஆண்டை வீட்டில் போட்ட அதே உசரம். ஒருநாள் மொத நாள் கொழம்பை ஊத்தப் போனப்ப அந்தம்மா சட்டியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, “புள்ளைக்கு வயித்தால போவுது சாமி, புதுசா வச்சது இருந்தா போடுங்க” என்றார்கள். எங்க அம்மாவுக்கு வந்ததே கோபம். “போட்டத வாங்கினு போவாம, இவளுக்கு ரோசத்தப் பாரு!” அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து சிரித்தேன். அந்த அம்மா அன்றைக்குக் கொழம்பு வாங்காமல் போனார்கள். மறுநாள் வந்தார்கள்.

இரண்டு நாளும் அதே அம்மாதான். எந்த நாளை வைத்து நம் தோழர் அவருக்குத் தீர்ப்பு எழுதுவார்?

கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்தத் தோழருக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அண்ணே, எங்க ஊரு கடலூர் பக்கம்” என்று ஆரம்பித்தார். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்து, அவங்க கூரையும் போய்விட்டது. ரெண்டு நாள் கழித்து வேனில் போர்வை வந்ததாம். வரிசையில் நின்ற அவங்க அம்மா போர்வையை வாங்கிக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடியிருக்கிறார்கள். போட்டோ எடுத்தவன், முகத்தைக் காட்டும்மா, கொஞ்சம் சிரிம்மா என்று ரெண்டு தரம் சொன்னானாம். அவங்க மூடினபடியே நின்றார்களாம். கையில் இருந்த போர்வையைத் திரும்ப வாங்கி, சிரிக்கிற இன்னொரு அம்மாவிடம் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

“அப்புறம்?” என்றேன்.

“அந்த அம்மாதாண்ணே ராத்திரி எங்க வீட்டுக்கு வந்து, போர்வையில பாதியக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. எங்க அம்மா வாங்கிக்கிட்டாங்க.”

இதை எழுதிக் கொடுங்கள் தோழர் என்று கேட்டிருக்கிறேன்.