விதைப்பது செடி, தேர்வது நாம்

ஹைதராபாத்தின் சனத்நகரில் தனிவீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகி வருகின்றன. பல வீடுகளில் செடிக்கு மிச்சமிருப்பது சுற்றுச்சுவரை ஒட்டிய இரண்டடிப் பாத்திதான். கிரானைட் பாறை பொடிந்து உண்டான சிவப்பு மண். கொஞ்சம் தோண்டினாலே மொரம் எனும் சரளை. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குழாய்த் தண்ணீரோ பல தெருக்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். இப்படிப்பட்ட பாத்தியில் நர்சரி ரோஜாவைக் காப்பாற்றப் போராடுவதை விட, ஒருமுறை தூவினால் பிறகு தானே உதிர்ந்து தானே முளைக்கும் பூக்களை நம்புவது மேல். இதைச் சோம்பேறித் தோட்டம் என்பார்கள். என் கட்சி வேறு. இங்கே கைக்கு வேலை குறைவு, கண்ணுக்கு வேலை அதிகம். விதைப்பதைச் செடி பார்த்துக்கொள்ளும். எதைப் பிடுங்குவது, எதை விட்டுவைப்பது என்பது மட்டும் நம் பொறுப்பு. கலை அந்தத் தேர்வில் இருக்கிறது.

வெயிலுக்கென்றே பிறந்தது வாடாமல்லி. அதன் கருஞ்சிவப்பு ஊதா நிறம் காகிதம்போல உலர்ந்த செதில்களில் இருக்கிறது. உண்மையான பூக்கள் அவற்றின் இடுக்கில் ஒளிந்திருக்கும் சிறு பொட்டுகள். செதிலில் முன்பே ஈரம் இல்லாததால் வாடுவதற்கும் ஒன்றுமில்லை. பாத்தியின் விளிம்புக்குப் பத்துமணிப் பூ. வெயில் ஏறினால் விரிந்து, பிற்பகலில் மூடிக்கொள்ளும். அதன் காய் முற்றியதும் மேல்பாதி மூடிபோலக் கழன்று விழ, உள்ளே மணல் பொடியாக விதை. ஆனால் அடுக்கு இதழ் வகைகள் பெரும்பாலும் தண்டு கிள்ளி நட்டே பெருகுபவை. தானாக முளைக்க வேண்டுமென்றால் ஒற்றை இதழ் வகையைத் தேடி வாங்க வேண்டும். நித்தியகல்யாணியைப் பாத்தியில் விதைத்தாலும் அது படிக்கட்டு விரிசலில்தான் செழிக்கும். அங்கேயே விட்டுவிடுங்கள், நம்மைவிட இடம் பார்க்கத் தெரிந்த செடி அது.

அந்திமந்தாரைக்குத் தனி மரியாதை உண்டு. தெலுங்குக்காரர்கள் சந்திரகாந்த என்று அழைக்கும் இந்த வெப்பமண்டல அமெரிக்கச் செடி, மாலை நான்கைந்து மணிக்குத்தான் கண்விழிக்கும். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு வாசலில் மணம் தர இதைவிடத் தோதான பூ கிடையாது. மிளகுபோன்ற கருப்பு விதை நஞ்சுள்ளது, குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெண்டலின் மரபு விதிகளை 1900-இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஜெர்மானியர் கார்ல் கோரன்ஸ், ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட செடிகளில் இதுவும் ஒன்று. சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு பிறக்கும் என்பதற்குப் பாடப்புத்தகங்கள் இன்றும் காட்டும் சான்று இந்தப் பூதான். இலையில் விழும் வெள்ளைத் திட்டுகள் தாய்ச்செடி வழியாக மட்டுமே தொடர்வதை 1909-இல் அவர் காட்டியதும் இதை வைத்தே. ஆகவே நிறங்களைக் கலந்து விட்டால் பாத்தி தன் போக்கில் புதுப்புது நிறம் கூட்டும். தூய மஞ்சள் மட்டும் வேண்டுகிறவர், முதல் பூ பூத்த மாலையிலேயே மற்றவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். பாதி மஞ்சள், பாதி சிவப்பாகக் கோடு விழுந்த பூ ஒன்று தென்பட்டால் நான் பிடுங்கமாட்டேன்.

கோழிக்கொண்டையில் கை இன்னும் கறாராக இருக்க வேண்டும். அந்த நெளிநெளியான சீப்பு, தண்டின் நுனி அகன்று வளர்வதால் வரும் கோலம். விதைக்கு விட்டதெல்லாம் தாயைப்போல் வராது. சில கதிராக நீண்டுவிடும். கொண்டை நன்றாக விழுந்ததை மட்டும் விதைக்கு விட்டால் குலம் நிலைக்கும். விட்டேற்றியாக இருந்தால் செடி தன் காட்டு உறவை நோக்கி நடக்கத் தொடங்கும். அந்தக் காட்டு உறவு யார் தெரியுமா? நம் ஊர் வயல்களில் பண்ணைக்கீரையாக முளைப்பது. தெலங்கானாவில் அதன் பெயர் குனுகு. இரண்டும் ஒரே இனம். சோளக்கொல்லையில் களையென்று பிடுங்கி எறியப்படும் குனுகு, புரட்டாசி அமாவாசை நெருங்கியதும் கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வரும். பெண்கள் அதற்குச் சாயமேற்றி, ஆவாரம்பூவோடும் செண்டுமல்லியோடும் தாம்பாளத்தில் கோபுரமாக அடுக்குவார்கள். 2014-இல் மாநிலப் பண்டிகையாக அறிவிக்கப்பட்ட பதுக்கம்மா, யாரும் விதைக்காத பூக்களால் பாதி நிறையும் விழா.

பாத்தியின் ஆண்டுச் சுற்றும் இந்த விழாவோடு ஒத்துப்போகிறது. மாசியில் தூவினால் கோடையில் பூக்கும். உதிர்ந்த விதை ஜூன் மழையில் முளைத்துப் பதுக்கம்மாவுக்கு இரண்டாம் முறை பூக்கும். இதற்குக் குறுக்கே நிற்பது நம் சுத்தம்தான். காய்ந்த தலைகளை நறுக்கி, தரையைத் துடைப்பத்தால் பெருக்கி எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை குப்பை வண்டியில் போய்விடும். மண்ணை ஆழமாகக் கொத்தவும் கூடாது. பத்துமணியின் பொடி விதை வெளிச்சம் படாத ஆழத்திலிருந்து எழாது. எருவையும் அள்ளிக் கொட்ட வேண்டாம், இலை கொழுத்துப் பூ குறையும். பாக்கெட்டில் எஃப்1 என்று அச்சிட்ட கலப்பின விதையைத் தவிர்ப்பது நல்லது. அதன் பிள்ளைகள் தாயைப்போல் இருப்பதில்லை.

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது நாற்றுகளைக் கலைக்க வேண்டும். இலை பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளப் பழகுவது இந்தக் கலையின் அரிச்சுவடி. மெல்லிய ரோமம் படர்ந்து எதிரெதிராக இலை விட்டால் வாடாமல்லி. சிவந்த தண்டில் ஊசி இலை என்றால் பத்துமணி. பிளவுபட்ட இலை ஆரஞ்சு காஸ்மாஸ். சாணுக்கு ஒன்று நின்றால் போதும்.

முதல் ஆண்டுக்கு வாடாமல்லி, பத்துமணி, அந்திமந்தாரை மூன்றுமே நிறைய. காஸ்மாஸ் அழகிதான், ஆனால் ஒரே பருவத்தில் பாத்தி முழுவதையும் எழுதி வாங்கிக்கொள்ளும். இரக்கமில்லாமல் பிடுங்கக் கை பழகிய பிறகு அதைக் கூப்பிடுங்கள்.