வந்தவர் கண்ணில் புதுவை

கடல் கடந்து வந்த யாத்திரிகர் எழுதிவைத்த விருத்தாந்தங்களைக் கொண்டே ஓர் ஊரின் சரித்திரத்தை அறிந்துகொள்ளும் வழக்கத்தின் குணமும் தோஷமும் புதுவையில் துலக்கமாகத் தெரிகின்றன.

குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வான சாஸ்திரி லெ ழாந்தீய், 1761-ல் ஊர் ஆங்கிலேயர் வசப்பட்டிருந்தமையால் கரையிறங்க இயலாமல் நடுக்கடலில் தவித்து, எட்டாண்டு காத்திருந்து, 1769 ஜூனில் உரிய நாழிகையில் மேகம் மறைத்துவிட, வந்த காரியம் கைகூடாமலே திரும்பினார். ஆயினும், உள்ளூரார் கண்டு கண்டு பழகிவிட்டமையால் எழுதாதுவிட்ட அரியாங்குப்பத்து ஆற்றோரச் செங்கற் சுவர்களையும் கிணறுகளையும் அந்த அந்நியரே சிரத்தையோடு தம் நூலில் குறித்துவைத்தார். அவ்விடமே அரிக்கமேடு.

1945-ல் அங்கே அகழ்ந்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், துணிக்குச் சாயம் தோய்த்தவை என்று தாம் கருதிய தொட்டிகளைக் கண்டார்; ஆனால் ரோமானிய மட்கலத் துண்டுகள் கிடைத்த உவகையில், அவ்வூரின் பிறப்பையே ரோமானிய வாணிகத்தோடு பிணைத்துவிட்டார். அதற்கு முன்பே அங்கே மக்கள் குடியிருந்தனர் என்பதை 1989 முதல் நடந்த விமலா பெக்லியின் அகழாய்வு காட்டியது.

தாம் தேடி வந்ததையே காணும் இத்தோஷம் பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லோத்தியிடம் இன்னும் மிகுதி. 1903-ல் வெளிவந்த அவருடைய இந்திய யாத்திரை நூலில் புதுவை, வாழ்ந்து கெட்ட குடும்பத்தின் பழைய வீடுபோல், பிரெஞ்சுப் பழம்பெருமையின் ஏக்கத்தில் மூழ்கிக் கிடக்கிறது. நடை அழகியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் வந்த அக்காலத்திலேயே, பிரெஞ்சுக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஆலைச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. தலைமயிரில் பஞ்சு ஒட்டிய ஆணும் பெண்ணும் தறியிலும் கதிரிலும் நின்றார்கள். புதுவையின் நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனெகல் வரை சென்றது. உயிரோடு உழைத்த ஊரை மாண்டுபோன ஊராக எழுதியதை அழகின் பெயரால் மன்னிக்க என் மனம் ஒப்பவில்லை. அந்த ஆலைத் தொழிலாளர்தாம் 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டுத் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளானார்கள். 12 பேர் மாண்டனர்.

இன்றும் புதுவையைப் பற்றி எழுத வருவோர் மஞ்சட் சுவரையும் கடற்கரை வீதியையும் வர்ணித்துவிட்டு, மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். அவர்களை நான் வேண்டுவது ஒன்றே: வாய்க்காலைத் தாண்டி மேற்கேயும் தெற்கேயும் நடந்து பாருங்கள். ரோடியர் மில் என்று ஊரார் அழைத்த ஆலை 2020-ல் மூடப்பட்டது. அங்கே நூல் நூற்றவர்கள் இன்னும் இவ்வூரில் இருக்கிறார்கள்.