மூன்று மாத்திரை

அண்ணன் மோர்ஸ் கீயின் முன்னால் உட்கார்ந்தால் உடனே அடிக்க மாட்டார். முழங்கையை மேசையில் வைத்து, கட்டைவிரலையும் இரண்டு விரல்களையும் குமிழில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு மணிக்கட்டு இறங்கும். அந்த முதல் 'டா' காதில் விழுந்ததுமே தெரிந்துவிடும், இது வேறு கை என்று.

ஐம்பது வருஷமாக மோர்ஸ் கேட்டுவருகிறேன். இதைவிட வேகமான கைகளைக் கேட்டிருக்கிறேன். இதைவிட அழகான கையைக் கேட்டதில்லை.

அவர் என் பெரியம்மா மகன். பிறந்தது சிங்கப்பூர், தஞ்சோங் பகாரில். படித்தது உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில், நம் கடையநல்லூர்க்காரர்கள் 1946-இல் அங்கே தொடங்கியது. 1967-இல் அந்த நாட்டில் கட்டாயப் படைச் சேவைச் சட்டம் வந்தது. பதினெட்டு வயது ஆனால் போயாக வேண்டும். எழுபதுகளில் அண்ணன் முறை வந்தபோது சிக்னல் பிரிவில் போட்டார்கள். அவர் கேட்டது வண்டி ஓட்டும் வேலை. கிடைத்ததோ ஹெட்போனும் பென்சிலும். முதல் மூன்று மாதம் கனவிலும் குட்டை டிட்டும் நீண்ட டாவும் கேட்டதாகச் சொல்வார்.

நம் பக்கத்தில் கட்டாயம் என்றால் என்.சி.சி. சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரிப் பையன்களுக்குக் கட்டாயமாக்கி, 1968-இல் விருப்பப் பாடமாக்கினார்கள். அந்த ஐந்து வருஷத்தில் சிக்னல் கம்பெனியில் அகப்பட்ட ஒருவர்தான் பிற்பாடு எனக்கு வாத்தியார். இப்படி வேண்டாம் வேண்டாம் என்று படித்த இரண்டு பேரிடமிருந்துதான் எனக்கு இந்த ருசி வந்தது. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தப்பிக்க வழி இல்லாத இடத்தில்தான் காது வளைகிறது. விட்டுவிடலாம் என்ற வசதி இருந்தால் பத்தாம் நாள் விட்டுவிடுவோம்.

எனக்குக் கட்டாயம் அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வு. இரண்டாம் தரத்துக்கு நிமிஷத்துக்கு 5 சொல், முதல் தரத்துக்கு 12. இரண்டாம் தரத்தில் ஐந்து நிமிஷத்துக்கு 125 எழுத்து, ஐந்து பிழைக்கு மேல் போனால் வீட்டுக்குப் போகலாம். 5 சொல் வேகம் என்பதைச் சிலர் இளப்பமாகச் சொல்வார்கள். உண்மையில் அந்த வேகத்தில்தான் பிசகு தெரியும். ஆலாபனையை விளம்பத்தில் பாடச் சொன்னால் பாடகரின் சரக்கு தெரிவது மாதிரி. வாங்குவதில் தேறி, அனுப்புவதில் முதல் தடவை தோற்றேன். பயத்தில் குமிழை இறுக்கிப் பிடித்ததில் மணிக்கட்டு மரத்து, டிட் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

அந்த ஆனி மாதம் அண்ணன் குடும்பத்தோடு எங்கள் ஊர் பண்பொழிக்கு வந்தார். சாரல் நேரம். திருமலைக் கோயில் மலை மேகத்துக்குள் போய்விட்டது. திண்ணையில் பெஞ்சைப் போட்டு, பழகுவதற்கு வைத்திருந்த பஸ்ஸரில் என்னை அடிக்கச் சொன்னார். இரண்டு வரி கேட்டுவிட்டு கீயைத் தன் பக்கம் திருப்பினார். "ஸ்பிரிங் இவ்வளவு முறுக்கா? தம்பி, நீ கீயோட சண்டை போடுற" என்றார். ஒரு அஞ்சலட்டையை இரண்டு முனைகளுக்கும் நடுவே செருகி, அட்டை உரசிக்கொண்டு வெளியே வரும் அளவுக்குத் திருகை வைத்தார். பிறகு அடித்தார், எங்கள் ஊர்ப் பெயரை, ஆங்கில எழுத்தில்.

பி ஏ என் பி ஓ எல் ஐ.

எழுதிப் பார்த்தால் ஒன்றுமில்லை. கேட்க வேண்டும். நடுவில் வரும் 'ஓ' மூன்று டா. பலர் மூன்றையும் ஒரே அச்சில் வார்ப்பார்கள். அண்ணன் மூன்றாவதை ஒரு இழை நீட்டுவார், மயிரிழைதான். பிறகு 'எல்' உருண்டு இறங்கி, அதற்குப் பின் ஒரு இடைவெளி. கடைசி 'ஐ' வெறும் இரண்டு டிட். ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் இரண்டு துளி மாதிரி அது விழும். அந்த இரண்டு துளிக்கு முன்னால் அவர் காத்திருந்த நேரம்தான் முழுக் கலையும்.

ஒரு டா மூன்று டிட் நீளம், எழுத்துக்கு எழுத்து இடைவெளி மூன்று, சொல்லுக்குச் சொல் ஏழு என்று எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிப்போம். நமக்கு இது புதிதும் இல்லை. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் வைத்து மாத்திரையை அளந்தது தொல்காப்பியம். குறில் ஒன்று, நெடில் இரண்டு, அளபெடை மூன்று. டா என்பது அளபெடை. அளபெடையை அளவாக நீட்டத் தெரிந்தவன் புலவன், இழுத்துவிட்டால் தாலாட்டு. அண்ணன் அந்த எல்லையிலேயே நடப்பார், தாண்ட மாட்டார். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் வானொலியை ஒட்டுக்கேட்டவர்கள், நிலையத்தின் அழைப்புக்குறி மாறினாலும் கையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தார்கள். அண்ணனின் கையை நான் ஆயிரம் பேர் நடுவிலும் கண்டுபிடிப்பேன்.

ஆனால் வானில் அந்தக் கை ஒருநாளும் போனதில்லை. படையிலிருந்து வந்த பிறகு அவர் அமெச்சூர் உரிமம் எடுக்கவில்லை. உரிமம் இல்லாத கை என் டிரான்ஸ்மிட்டரைத் தொடக் கூடாது, தொடவும் விட்டதில்லை. தோப்பில் இரண்டு தென்னைக்கு நடுவே இருபது மீட்டர் கம்பி கட்டியிருந்தது. 807 வால்வு சூடாகக் காத்திருந்தது. மாலையில் இலங்கை 4எஸ்7 நிலையங்கள் பக்கத்து வீடு மாதிரி கேட்டன. அடுத்த வயலில் பம்புசெட் ஓடினால் கரண்ட் இறங்கி என் ஓசை குழையும், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டு கொழும்புக்காரர் பதில் சொல்வார். அவருக்கு என் கை போயிற்று. அண்ணனின் கை பஸ்ஸரோடு திண்ணையில் நின்றுவிட்டது. நானும் என் அம்மாவும் சாரலும்தான் கேட்டோம்.

மோர்ஸ் எதற்கு, குரல் போதாதா என்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து அமெச்சூர் வானொலிக்காரர் பாரதி பிரசாத் குரலில்தான் உலகத்தோடு பேசினார். அந்தக் குரலை மதிக்கிறேன். எஃப்.டி.8 என்ற கணினி முறையை அமைத்தவர்களில் ஒருவரான ஜோ டெய்லர் நோபல் வாங்கிய இயற்பியலாளர். இரைச்சலுக்கு அடியில் புதைந்த சிக்னலை அது தோண்டி எடுப்பது பெரிய வித்தை. அதில் கணினி கணினியோடு பேசுகிறது, அவ்வளவுதான் என் மனத்தாங்கல். பேடில் வைத்து மின்னணுக் கீயர் அடிப்பவர்களிடம் மட்டும் வாதாடுவேன். டிட்டும் டாவும் அளவு பிசகாமல் வருகிறது, சரி. மூன்றாவது டாவை மயிரிழை நீட்ட அந்தப் பெட்டிக்கு யார் சொல்லித் தருவது?

2003-இல் ஜெனீவா மாநாட்டில் மோர்ஸ் தேர்வு கட்டாயமில்லை என்று முடிவானது. ஒவ்வொரு நாடாக எடுத்தார்கள், அமெரிக்கா 2007-இல். நம் நாட்டிலும் தரங்களை மாற்றி, பொதுத் தரத்துக்கு 8 சொல் வைத்து, மற்றதற்கு மோர்ஸ் வேண்டாம் என்றார்கள். பையன்கள் சுலபமான வாசலில் நுழைந்து அங்கேயே நின்றுவிட்டார்கள். 7 மெகாஹெர்ட்ஸின் கீழ் ஓரத்தில் முன்பு ராத்திரி எல்லாம் கச்சேரி. இப்போது டயலைத் திருப்பினால் வெறும் காற்று நிறையக் கேட்கிறது. தேர்வு கடினம் என்று எடுத்தவர்கள், கேட்கப் பழகிய காதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் இப்போது எழுபதை நெருங்குகிறார். விரலில் நடுக்கம், அதனால் கீ பக்கம் வருவதில்லை. அவர் வைத்துவிட்டுப் போன திருகை நான் தொடவில்லை.

போன மாதம் தென்காசியிலிருந்து ஒரு பையன் வந்தான், புது உரிமம். கீயைப் பார்த்ததும் அடிக்கலாமா என்று கேட்டான். பஸ்ஸரை மாட்டிக் கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பெயரை அடிக்கச் சொன்னேன். எழுத்து எல்லாம் சரி, ஒன்றும் விடவில்லை. கடைசியில் 'எல்'லும் 'ஐ'யும் மோதி ஒரே எழுத்தாகிவிட்டது.

"ஐக்கு முன்னால கொஞ்சம் பொறு, தம்பி" என்றேன்.

மறுபடி அடித்தான். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.